தகப்பன் அமெரிக்காவில்

தெற்கு இத்தாலியின் மலையூர்களில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளின் பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர் ஒரு காட்சியை அடிக்கடி சந்திப்பார். ஊர் மேயரின் முன்னால் மருத்துவச்சி வந்து நிற்கிறாள். கையில் பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தை. இன்ன தெருவில், இன்ன எண்ணுள்ள வீட்டில், இன்ன மணிக்கு, இன்னாரின் மனைவிக்கு இந்தப் பிள்ளை பிறந்தது என்று அவள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்கிறார். ஐந்து நாளுக்குள் பிறப்பை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்க வேண்டியவன் தகப்பன். அவன் ஏன் வரவில்லை என்பதற்கும் பதிவில் ஒரு வரி உண்டு: ஊரில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறான். சாட்சிகள் இருவர். அவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் அதையும் எழுத்தர் குறித்துவைக்கிறார். இதே தகப்பனுக்கு நியூயார்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியலிலும் ஒரு வரி இருக்கும்: மணமானவன், கூலித் தொழிலாளி, கடைசியாக வசித்த ஊர் இது, போய்ச் சேரும் இடம் இது. இன்று அமெரிக்காவில் தன் இத்தாலிய முன்னோரைத் தேடும் பேரப்பிள்ளையின் கையில் முதலில் கிடைப்பது இந்த இரண்டாவது வரிதான். அதை வைத்துக்கொண்டு, எங்கள் பூட்டன் 1903-இல் அமெரிக்காவில் குடியேறினார் என்று குடும்ப வரலாற்றை அவர் எழுதத் தொடங்குகிறார். அங்கேதான் வரலாறு தடம் மாறுகிறது. அந்த மனிதன் 1903-இல் குடியேறவில்லை, வேலைக்குப் போனான். அவனுடைய குடும்பம் ஊரில்தான் இருந்தது. குடியேற்றம் என்ற முடிவு பல வீடுகளில் பத்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் எடுக்கப்பட்டது. பல வீடுகளில் எடுக்கப்படவே இல்லை. இரு கரைகளின் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது தெளிவாகத் தெரிகிறது. ஒரு கரையின் பதிவை மட்டும் படித்தால் தெரியவே தெரியாது.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். இத்தாலிய அரசு வெளியேறுவோரை முறையாக எண்ணத் தொடங்கியது 1876-இல். அப்போதிருந்து முதல் உலகப் போர் வரையிலான கணக்கு ஏறத்தாழ 1.4 கோடி. இது புறப்பாடுகளின் கணக்கு. ஒரே ஆள் மூன்று முறை போனால் மூன்றாக விழும். 1880 முதல் 1924 வரை அமெரிக்க ஐக்கிய நாட்டில் இறங்கிய இத்தாலியர் 40 லட்சத்துக்கும் மேல். இவர்களில் நாலில் மூன்று பங்கு ஆண்கள், அதிலும் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். குடும்பத்தோடு குடிபெயர்கிற கூட்டத்தில் ஆண் பெண் விகிதம் இப்படி இருக்காது. திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் வேறுபட்டாலும், போருக்கு முந்தைய ஆண்டுகளில் பாதிக்கு அருகில் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் அமெரிக்க அரசு நாட்டைவிட்டுப் போகும் அயல்நாட்டாரை எண்ணத் தொடங்கியதே 1908-இல்தான். அதற்கு முன்பு இறங்கியவர்களுக்குப் பட்டியல் உண்டு, ஏறியவர்களுக்கு இல்லை. வருகையை மட்டும் எழுதிவைத்த காப்பகத்திலிருந்து வருகையின் கதை மட்டுமே கிடைத்ததில் வியப்பில்லை. 1907 இலையுதிர் காலத்தில் நியூயார்க் வங்கிகள் நொறுங்கி வேலைகள் நின்றபோது, கப்பல் கப்பலாக ஆட்கள் நேபிள்ஸுக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவின் வருகைப் பட்டியல்களில் இந்தத் திரும்புதலுக்கு இடமே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

இருந்தாலும் வருகைப் பட்டியலையே கவனமாகப் படித்தால் அது தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும். கப்பல் தலைவன் பயணிகள் பட்டியலை ஒப்படைக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் செய்தது 1819-இல். தொடக்கத்தில் பெயர், வயது, தொழில், நாடு என்ற அளவோடு நின்றது. 1892 ஜனவரி 1-ஆம் தேதி எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபின், 1893-இன் சட்டம் கேள்விகளைப் பெருக்கியது. பயணச் செலவை யார் கொடுத்தார்கள், யாரிடம் போகிறாய், கையில் எவ்வளவு பணம், இதற்கு முன் அமெரிக்காவில் இருந்ததுண்டா, இருந்தால் எப்போது, எங்கே. 1907 வாக்கில் பட்டியல் 29 கேள்விகளுடன் இரண்டு பெரிய தாள்களில் விரிந்தது. சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் அப்போதுதான் சேர்ந்தன. உயரம், நிறம், தலைமுடி, கண், பிறந்த ஊர் எல்லாம் அந்த வரியிலேயே. முன்பு இருந்ததுண்டா என்ற கட்டத்துக்கு எதிரே ஆம் என்ற பதிலும், இரண்டு ஆண்டுகளும், ஏதாவதொரு சுரங்க ஊரின் பெயரும் இருந்தால் நம் கையில் இருப்பது முதல் வருகை இல்லை. பெயரைத் தட்டி முதலில் கிடைத்த பக்கத்தோடு நிற்கும் வழக்கம் இங்கேதான் ஏமாற்றுகிறது. உறவினர் கட்டத்தில் மனைவி என்றும் ஊர்ப் பெயரும் இருந்தால், குடும்பத்தின் அடுப்பு எங்கே எரிந்தது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடுகிறது.

பெயர் விஷயத்தில் ஒரு பெரிய தடையை இங்கே நீக்கியாக வேண்டும். எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார், அதனால் எங்கள் குடும்பத்தைத் தேட முடியவில்லை என்ற பேச்சு இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. காட்ஃபாதர் படத்தின் இரண்டாம் பாகம் இதற்கு உலகறிந்த உருவம் கொடுத்தது. அந்தோலினி என்ற சிறுவனின் சட்டையில் இருந்த அட்டையைப் பார்த்து, ஊர்ப் பெயரான கொர்லியோனேயைக் குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார் எழுத்தர். மரியோ பூஸோவின் 1969 நாவலில் அப்படி இல்லை. அங்கே அவன் தன் ஊரோடு ஒரு தொடர்பு இருக்கட்டும் என்று தானே பெயரை மாற்றிக்கொள்கிறான். நாவல் சொல்வதுதான் நடந்த வரலாற்றுக்கு நெருக்கமானது. பயணிகள் பட்டியலை எழுதியவர்கள் நேபிள்ஸிலும் பலெர்மோவிலும் ஜெனோவாவிலும் இருந்த கப்பல் கம்பெனி எழுத்தர்கள். இத்தாலியப் பெயர்களைத் தினமும் எழுதிப் பழகியவர்கள். எல்லிஸ் தீவின் ஆய்வாளர் முன்பே எழுதப்பட்டு வந்த தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர்களும் பக்கத்தில் இருந்தார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா 1907 முதல் 1910 வரை அங்கே அந்த வேலையைப் பார்த்தவர். பெயர்கள் மாறியது உண்மை. மாறிய இடங்கள் பள்ளிக்கூடம், தொழிற்சாலையின் சம்பளப் புத்தகம், மளிகைக்கடைப் பற்றேடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

இந்தப் பெயர்மாற்றத்தின் ஒழுங்கு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. ஒரே மனிதனின் மூன்று பயணங்களைக் கண்டுபிடித்துப் பார்த்தால் மூன்று பட்டியல்களிலும் அவன் பெயர் பெரும்பாலும் இத்தாலிய வடிவில்தான் இருக்கும், ஏனென்றால் மூன்றும் இத்தாலியத் துறைமுகத்தில் எழுதப்பட்டவை. நடுவில் வந்த அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஜுசெப்பே ஜோவாகவும், குடும்பப் பெயர் ஓர் உயிரெழுத்தை இழந்தும் நிற்கும். ஒருவனுக்கு ஒரே காலத்தில் இரண்டு பெயர்கள் செல்லுபடியாகின. அவன் வாழ்க்கை இரண்டு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. மனைவியின் நிலை இன்னும் தெளிவு. இத்தாலியப் பதிவுகளில் பெண் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பாள், கப்பல் பட்டியலிலும் அந்தப் பெயரிலேயே வருவாள். அமெரிக்காவில் கால் வைத்த பிறகு, கணக்கெடுப்பில் கணவன் பெயருக்குள் மறைந்துவிடுவாள். கணவனின் குடும்பப் பெயரை வைத்துக் கப்பல் பட்டியலில் பாட்டியைத் தேடி, கிடைக்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் ஏராளம். அவள் அதே பக்கத்தில், பிள்ளைகளுக்கு ஒரு வரி மேலே, தன் தகப்பன் வீட்டுப் பெயரோடு இருப்பாள்.

இனி மறு கரை. இத்தாலியின் பதிவேடுகள் அமெரிக்காவினுடையதைவிடப் பழையவை, ஆழமானவை. கத்தோலிக்கப் பங்குகளில் திருமுழுக்கும் திருமணமும் எழுதிவைக்கப்பட வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. அரசின் பதிவு நெப்போலியன் காலத்தோடு வந்தது. நேபிள்ஸ் அரசின் நிலப்பகுதியில் 1809-லிருந்து, சிசிலியில் 1820-லிருந்து. ஒன்றுபட்ட இத்தாலி முழுவதற்கும் 1866-லிருந்து. பின்னால் சேர்ந்த வெனெத்தோவில் 1871-லிருந்து. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று ஊராட்சியில், மற்றது நீதிமன்றத்தில். நீதிமன்றப் பிரதி காலம் கடந்ததும் மாகாண அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். நிலநடுக்கமும் போரும் ஒரு பிரதியைத் தின்ற இடங்களில் மற்றது கைகொடுத்திருக்கிறது. 1866-க்கு முந்தைய தென்னித்தாலியப் பிறப்புப் பதிவின் பக்கம் இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் அரசு எழுத்தர் பிறப்பை எழுத, வலப்பக்கம் பங்குத் தந்தை எந்த நாளில் திருமுழுக்கு நடந்தது என்று குறிப்பார். செப்டம்பரை எழுத 7 என்ற எண்ணையும், அக்டோபருக்கு 8 என்ற எண்ணையும் போட்டுச் சுருக்கும் பழக்கம் உண்டு. பழைய ரோமானிய ஆண்டில் அவை ஏழாவது எட்டாவது மாதங்கள். ஜூலை, ஆகஸ்ட் என்று வாசித்துத் தவறான வழியில் போனவர்கள் நிறைய.

இவற்றுள் மிகப் பெரிய புதையல் திருமணத்தோடு இணைக்கப்பட்ட காகிதக் கட்டு. மணமக்கள் இருவரின் பிறப்புச் சான்று, தகப்பன் இறந்திருந்தால் அவர் இறப்புச் சான்று, சம்மதம் சொல்லத் தகப்பன் இல்லாத இடங்களில் தந்தைவழிப் பாட்டனின் இறப்புச் சான்று வரை அந்தக் கட்டில் இருக்கும். ஒரு திருமணத்தைப் பிடித்தால் மூன்று தலைமுறைகள் கைக்கு வந்துவிடும். ஆனால் தென்னகத்தில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்ற வழக்கம் கட்டுக்கோப்பானது. ஒரு பாட்டனுக்கு ஐந்து மகன்கள் என்றால் ஐந்து வீட்டிலும் ஒரே பெயரில் ஐந்து பேரன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே பெயரும் தோராயமான வயதும் ஆளை அடையாளம் காட்டப் போதாது. தாயின் பெயர் வேண்டும், தெரு வேண்டும். தேடுகிறவர் ஊரின் பதிவேட்டை முழுவதுமாகப் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான். அப்படி முழுவதுமாகப் படிக்கும்போது, தேடாத ஒன்றும் கண்ணில் படுகிறது: பிள்ளைப்பேறுகளுக்கு இடையே உள்ள இடைவெளி. ஒரு வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒரு பிள்ளை பிறந்துவந்து, நான்கு ஆண்டு எதுவும் இல்லாமல், பிறகு ஒன்று பிறந்து, மீண்டும் ஐந்தாண்டு வெறுமை. அமெரிக்கப் பட்டியல்களின் தேதிகளை இந்த இடைவெளிகளில் வைத்துப் பார்த்தால் பல வீடுகளில் அச்சாகப் பொருந்தும். தகப்பன் வந்துபோன காலங்களை மனைவியின் பேறுகாலங்கள் பதிந்துவைத்திருக்கின்றன.

இன்னொரு பதிவு ராணுவத்துக்காக எழுதப்பட்டது. கட்டாயப் படைச்சேவைக்காக ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பிறப்பாண்டுக்கும் ஆண்பிள்ளைகளின் பட்டியலைத் தன் பிறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதும். செத்தவன், உயிரோடிருப்பவன், ஊரில் இருப்பவன், கடல் கடந்தவன் எவனும் தப்ப முடியாது. அழைத்த நாளில் வராதவன் பெயருக்கு எதிரே வராதவன் என்று எழுதி, அமெரிக்காவில் இருப்பதாகக் குறிப்பும் சேர்ப்பார்கள். சேர்ந்தவனுக்குத் தனி ஏடு: உயரம், மார்பளவு, மூக்கின் வடிவம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா. முதல் உலகப் போரில் இத்தாலி இறங்கியபோது வெளிநாடுகளிலிருந்து சுமார் 3 லட்சம் பேர் படையில் சேரத் திரும்பினார்கள்; அவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வட அமெரிக்காவிலிருந்து. வராமல் இருந்தவர்களும் லட்சக்கணக்கில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நிரந்தரமாகக் குடியேறி ஊரை மறந்தவர்களின் கூட்டத்திலிருந்து, சாவின் வாய்க்குத் தானாகக் கப்பலேறி ஒரு லட்சம் பேர் வந்திருக்க முடியுமா? வராவிட்டால் இனி ஊருக்குள் கால் வைக்க முடியாது, குற்றவாளியாகிவிடுவோம் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். அந்தக் கணக்கைப் போட்டவன் ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவன்தானே.

இதற்கெல்லாம் எதிராக ஒருவர் ரொசெத்தோவைக் காட்டலாம். புல்யா பகுதியின் ஃபோஜா மாகாணத்தில் ரொசெத்தோ வல்ஃபோர்த்தோரே என்ற மலையூர். அங்கிருந்து ஒரு சிறு குழு 1882-இல் புறப்பட்டு, பென்சில்வேனியாவின் பேங்கர் ஊரைச் சுற்றியுள்ள ஸ்லேட் கல் குவாரிகளில் வேலைக்குச் சேர்ந்தது. பின்னாலேயே அண்ணன் தம்பி, மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன் என்று வந்துகொண்டே இருந்தார்கள். குன்றின் மேல் வீடுகள் எழுந்தன, கார்மேல் மாதா கோயில் எழுந்தது, அந்தக் குடியிருப்புக்கு ரொசெத்தோ என்றே பெயர் விழுந்தது. ஊரே பெயர்ந்துபோய் அமெரிக்காவில் உட்கார்ந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். ஆனால் தேதிகளைப் பார்க்க வேண்டும். முதல் குழு போனது 1882. அமெரிக்க ரொசெத்தோ தனி நகராட்சியானது 1912. நடுவில் முப்பது ஆண்டுகள், ஒரு முழுத் தலைமுறை. ஊர் ஒன்று ஊராக நிலைபெற எவ்வளவு காலம் எடுத்தது என்பதற்கே அது சான்று. ரொசெத்தோ தேடுகிறவருக்குக் கற்றுத்தரும் பாடம் இன்னொன்றும் உண்டு. கப்பல் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டால் அதற்கு மேலும் கீழும் உள்ள பெயர்களைப் படிக்க வேண்டும், ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்த வரிகளில் நிற்பார்கள். 1900, 1910 கணக்கெடுப்புகளில் ஒரே வீட்டில் நாலைந்து வாடகை ஆட்கள், எல்லாரும் மணமானவர்கள், எவருடனும் மனைவி இல்லை என்று இருந்தால், அவர்களில் பலர் அதே ஊரின் திருமணப் பதிவேட்டில் சாட்சிகளாக நின்றவர்கள். எழுத்துப் பிழையால் சிதைந்துபோன பெயரை இந்தச் சுற்றத்தை வைத்து மீட்டுவிடலாம். தனி ஆளாகத் தேடினால் கிடைக்காதவன் ஊர்க்கூட்டத்தோடு தேடினால் கிடைப்பான்.

பிரேசில் இதைவிட வலுவான எதிர்ச்சான்று. 1888-இல் அடிமைமுறை ஒழிந்தபோது சாவோ பாவ்லோ மாநிலத்தின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அரசே கப்பல் கட்டணம் கொடுத்தது, அதைக் குடும்பமாக வருகிறவர்களுக்கே கொடுத்தது. வெனெத்தோ விவசாயிகள் கிழவன் கிழவி, கைக்குழந்தை சகிதம் புறப்பட்டார்கள். சாவோ பாவ்லோ நகரத்தின் குடியேறிகள் விடுதிப் பதிவேட்டில் குடும்பத் தலைவன், மனைவி, பிள்ளைகள், கப்பல், அனுப்பப்பட்ட தோட்டம் என்று வீடு வீடாக எழுதியிருக்கிறது. இங்கே என் வாதம் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டைக் காலிசெய்து கிளம்பியவர்கள் இவர்கள். தோட்டங்களில் கூலி பாக்கியும் கொடுமையும் பற்றிய செய்திகள் வந்து, 1902-இல் இத்தாலிய அரசு இந்த இலவசப் பயணத்துக்குத் தடை போட்டது. திரும்பியவர்கள் இங்கேயும் உண்டு என்றாலும் புறப்பட்டபோது அந்த எண்ணம் இல்லை. ஆனால் இந்த ஒப்பீடு ஒன்றைப் புலப்படுத்துகிறது. குடும்பத்தோடு குடிபெயர்வது எப்படிப் பதிவாகும் என்பதற்கு சாவோ பாவ்லோவின் ஏடு ஓர் அளவுகோல். அதை வைத்துக்கொண்டு நியூயார்க் பட்டியலைப் பார்த்தால் அங்கே தெரிவது வேறு வகைப் பயணம்.

பதிவுகளே பொய் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது, சொல்லவும் சொல்லின. 1885-இல் அமெரிக்கா ஒப்பந்தக் கூலிகளை இறக்குவதைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு, உனக்கு வேலை தருவதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்னவன் திருப்பி அனுப்பப்படுவான். ஆகவே எல்லாரும் இல்லை என்றார்கள். யாரிடம் போகிறாய் என்றால் மைத்துனனிடம், ஒன்றுவிட்ட அண்ணனிடம் என்றார்கள். ஒரே முகவரிக்கு ஒரே கப்பலில் எட்டு மைத்துனர்கள் போனால் அந்த முகவரியில் இருந்தவன் ஆள்பிடிக்கும் கங்காணியாக இருக்கக்கூடும். உறவு பொய், ஆனால் முகவரி உண்மை, வேலை எங்கே கிடைத்தது என்பது உண்மை. எந்தச் சட்டத்துக்கு அஞ்சி அந்தப் பதில் சொல்லப்பட்டது என்று தெரிந்தால் பொய்யும் சான்றாகிவிடுகிறது. மௌனம் பொய்யைவிடக் கடினமானது. 1907 டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்கா நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிப்பு நேர்ந்து செத்தவர்கள் அரசுக் கணக்கில் 362 பேர். அவர்களில் 171 பேர் இத்தாலியர், பெரும்பாலும் மொலீசேயின் சிற்றூர்களிலிருந்தும் கலாப்ரியாவின் சான் ஜொவான்னி இன் ஃபியோரேயிலிருந்தும் வந்தவர்கள். கம்பெனியின் சம்பள ஏட்டில் பெயரில்லாமல் இன்னொருவனுக்கு உதவியாக உள்ளே இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது, மெய்யான சாவு எண்ணிக்கை இன்னும் அதிகம் என்ற சந்தேகம் இன்றுவரை நிற்கிறது. அமெரிக்கப் பட்டியலில் அடையாளம் தெரியாமல் சிதைந்துபோன பெயர்களைச் சரியாக எழுத உதவியவை இத்தாலிய ஊர்களின் ஏடுகள். நிவாரணக் குழு பணம் அனுப்ப வேண்டியிருந்த விதவைகளில் பலர் அமெரிக்காவையே பார்த்திராதவர்கள். குடும்பம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு இதைவிடக் கொடிய சான்று கிடையாது.

அந்தப் பெண்களை இத்தாலியில் வெள்ளை விதவைகள் என்று சொன்னார்கள். கணவன் உயிரோடு இருக்க, தனியே வீட்டை நடத்தியவர்கள். சிசிலியின் சூத்தேரா என்ற ஊரின் பதிவுகளை வைத்து லிண்டா ரீடர் எழுதிய நூல் இவர்களை வெறும் காத்திருப்பவர்களாகப் பார்க்கக் கூடாது என்று நிறுவியது. அமெரிக்காவிலிருந்து வரும் பணத்தை வாங்கி, கடன் அடைத்து, நிலமும் வீடும் வாங்கியவர்கள் அவர்கள். பணம் பாதுகாப்பாக வந்துசேர 1901-இல் இத்தாலிய நாடாளுமன்றம் தனிச்சட்டம் செய்து பாங்கோ தி நாப்போலி வங்கியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது. ஓர் அரசு இப்படி ஏற்பாடு செய்கிறதென்றால், போனவர்களின் வீடு இங்கேதான் இருக்கிறது என்று அது நம்புகிறது. ஆகவே குடும்பத்தைத் தேடுகிறவர் சொத்துப் பத்திரங்களைப் புறக்கணிக்கக் கூடாது. நோட்டரியின் ஏட்டில் கணவன் இல்லாத நேரத்தில் மனைவி வாங்கிய ஒரு துண்டு ஒலிவத் தோப்பு, அவன் பென்சில்வேனியாவில் வெட்டிய நிலக்கரிக்கு ஈடு.

அப்படியானால் எப்போது, எதனால் நிலைத்தார்கள்? பதிவுகள் இதற்கு ஒரு குறிப்பிட்ட காலத்தையே சுட்டுகின்றன. 1921-இல் அமெரிக்கா இத்தாலியர் வருகைக்கு ஆண்டுக்கு 42,057 என்று வரம்பு கட்டியது, 1924-இல் அதை 3,845 ஆக்கியது. அதுவரை கதவு திறந்திருந்ததால்தான் போவதும் வருவதும் நடந்தது. கதவு மூடப்போகிறது என்றதும், போய்விட்டால் திரும்பி வர முடியாது என்ற நிலை வந்தது. புதிய சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் வரம்பு கிடையாது. இருபது ஆண்டு போய்வந்துகொண்டிருந்தவன் இப்போது குடியுரிமைக்கு எழுதிப்போட்டதன் காரணம் இங்கே இருக்கிறது. 1906-க்குப் பிந்தைய மனுக்களில் கப்பல் பெயர், வந்த தேதி, மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்த தேதியும் இடமும் எழுத வேண்டும். அதற்கு முந்தையவற்றில் இத்தாலி என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். வந்த தேதியைச் சரிபார்த்த அதிகாரிகள் பழைய கப்பல் பட்டியலை எடுத்து, அந்தப் பெயருக்கு மேலேயே ஓர் எண்ணையும் தேதியையும் கிறுக்கிவிட்டுப் போனார்கள். 1909-இன் தாளில் 1920-களின் கடைசி அல்லது 1930-களின் குறிப்பு. வருகைக்கும் நிலைப்பதற்கும் இடையே எத்தனை ஆண்டு என்பதை அந்த ஒரு வரியில் வைத்தே கழித்துப் பார்க்கலாம்.

குடியுரிமை வாங்காமலே இருந்தவர்களும் உண்டு. அதற்கு ஊர்ப்பற்றுதான் காரணமா என்று கேட்கலாம். இல்லை, எழுத்தறிவின்மை, ஆங்கிலத் தேர்வு, கட்டணம், தேவையே படாதது என்று பல. பெண்களுக்கு 1922 வரை கணவனின் குடியுரிமைதான் தங்கள் குடியுரிமை, தனி மனுவே கிடையாது. 1942-இல் போர்க்காலப் பகைநாட்டவராகக் கருதப்பட்ட, குடியுரிமை பெறாத இத்தாலியர் சுமார் 6 லட்சம் பேர் என்பதில், மகன்களைப் படைக்கு அனுப்பிவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்த கிழவிகள் நிறைய. அவர்களைத் திரும்பிப் போக நினைத்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்திறங்கிய நாளிலேயே ஒரு நாட்டைத் துறந்து இன்னொன்றை ஏற்றார்கள் என்ற சித்திரத்தோடு இந்த எண்ணைப் பொருத்தவும் முடியாது.

அந்தச் சித்திரம் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்றால், தேடுகிறவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நிலைத்தவர்களின் வழிவந்தவர்களே தேடுகிறார்கள். திரும்பிப் போனவனின் பேரன் ஊரிலோ டொரினோவிலோ மிலானிலோ இருக்கிறான், அவனுக்கு எல்லிஸ் தீவின் பட்டியலால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. முன்னோர் வழியில் இத்தாலியக் குடியுரிமை பெறுவதற்காகத் தேடியவர்களும் நேர்வழியில் ஒரே ஒரு முன்னோரைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாக்களையும் மாமன்களையும் விட்டுவிட்டார்கள். 2025-இல் இத்தாலி சட்டத்தை மாற்றி, பெரும்பாலும் பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி வரை மட்டுமே அந்த உரிமையைச் சுருக்கிய பிறகு, அந்த வகைத் தேடல் குறையும். அது நல்லதுக்கும் ஆகலாம். இத்தாலியக் காப்பகங்கள் அந்தெனாத்தி என்ற இணையதளத்தில் கோடிக்கணக்கான பக்கங்களை இலவசமாகத் திறந்துவைத்திருக்கின்றன, கப்பல் பட்டியல்களும் தேடும் வசதியோடு கிடைக்கின்றன. செய்யவேண்டியது, ஒரு குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஓர் ஊரை எடுத்துக்கொள்வது. 1885-இல் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லாரையும் அவ்வூரின் படைச்சேவைப் பட்டியலிலிருந்து எழுதிக்கொண்டு, ஒவ்வொருவனையும் கப்பல் பட்டியல், பென்சில்வேனியாக் கணக்கெடுப்பு, ஊரின் திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, கடைசியில் இறப்புப் பதிவு வரை பின்தொடர்வது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை முறை, எத்தனை பேர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது அப்போது தெரியும். நிலைத்தவன் வீட்டுப் பேரனுக்குத் தன் பூட்டனின் அண்ணன் ஊர் திரும்பி, அமெரிக்கப் பணத்தில் வாங்கிய நிலத்தை உழுது, அதே தெருவில், அதே எண்ணுள்ள வீட்டில் செத்தான் என்பது முதல்முறையாகத் தெரியவரும்.